குப்பை மேக்கர்

தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் ஒன்றாக வளர்ந்த நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது, நினைவிருக்கும். திருப்பூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் நம் தோழி, பால்கனியில் வைத்திருந்த பெயின்ட் வாளியைத் திறந்து படம் எடுத்துப் போட்டிருந்தாள். வாளி நிறையப் புழு. “இது கம்போஸ்ட்டா, கருமமாடி?” என்று கீழே கேட்டிருந்தாள். நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் பதில் சொல்வது என் பொறுப்பாயிற்று. வழக்கம்போல எண் போட்டு எழுதி அனுப்பினேன்.

ஒன்று, வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளை போடு. இரண்டு, ஒரு பங்கு காய்த்தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. மூன்று, மீந்த குழம்பும் மீன் முள்ளும் வேண்டாம். நான்கு, ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. ஐந்து, வாரம் இருமுறை கிளறு. ஆறு, மூக்கைப் பிடிக்கிற வாடை வந்தால் காய்ந்ததைக் கூட்டு. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பச்சையைக் கூட்டு. ஏழு, பாதியில் காய வைத்துவிடாதே.

“ஏழாவது எதுக்குடி? குப்பைய யாராச்சும் காய வைப்பாங்களா?” என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். “எங்கடி படிச்சே இதையெல்லாம்?” என்றான் இன்னொருவன். காலேஜில் என்று போட்டேன். அது முழு உண்மை இல்லை. ஏழில் நான்கைத்தான் கல்லூரியில் படித்தேன். மற்றவை நாம் ஆறாம் வகுப்பில் இருந்த பனிக்காலத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடைத்தவை. நீங்கள் எல்லோரும் அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள்தான். என் அப்பாவுக்குக் ‘குப்பை மேக்கர்’ என்று பெயர் வைத்தவர்களும் நீங்கள்தான். கோபமில்லை. நல்ல பெயர்தான். ஆனால் நீங்கள் பார்த்தது வேலிக்கு மேலே தெரிந்ததை மட்டும்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்த்திகையில் என் அப்பாவுக்கு வாசனை தெரியாமல் போயிருந்தது. அம்மாவுக்கு அது தெரியாது. எனக்கும் வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபெர்மென்டிங் ரூமில் இருந்தார். அங்கே என்ன நடக்கும் என்று நம்மில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும். அரைத்த கொழுந்தை டைல்ஸ் தரையில் பரப்பி வைப்பார்கள். பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு வரும். வெட்டின புல் வாடை போய், ஒரு கட்டத்தில் பழுத்த பழம் மாதிரி ஒரு வாசம் எழும். அந்த நேரத்தில் அள்ளி ட்ரையரில் கொட்டினால் நல்ல தேயிலை. கால் மணி நேரம் தவறினால் புளிப்பு. அந்த நேரத்தைப் பிடிப்பதுதான் அப்பாவின் வேலை. ஒரு பிடி அள்ளி முகத்தருகே கொண்டுபோவார், “போடு” என்பார். தேயிலைத் தயாரிப்புக்கே பொறுப்பான டீ மேக்கர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார்.

கார்த்திகைப் பிறப்பில் அப்பாவுக்கு ஒரு காய்ச்சல். எட்டு நாள் படுத்தார். எழுந்தபோது உடம்பு எழுந்தது, மூக்கு எழவில்லை. யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போனார். இரண்டு நாள் தேயிலை புளித்துப் போனதாக வாங்குகிறவர்களிடமிருந்து புகார் வந்தது. டீ மேக்கர் திட்டவில்லை. “காச்சலு இன்னும் உடம்புல இருக்குது உனக்கு. எப்பிடியும் பனிக்காலம், கொழுந்து கம்மியாத்தான் வரும். தை முடியற மட்டும் லீவ் போட்டுட்டு நல்லாகி வா. ஆகலீன்னா பாய்லருக்குத்தான் மாத்தோணும்” என்றாராம்.

பாய்லர் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். பாய்லரில் விறகு தள்ளிய பெரியப்பா லைன் படி பன்னிரண்டையும் ஒரே மூச்சில் ஏறி நாம் பார்த்ததில்லை. ஐந்தாம் படியில் உட்கார்ந்து இருமிவிட்டுத்தான் மேலே வருவார். என் அப்பாவுக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு. அந்தப் புகையில் ஒரு மழைக்காலம் தாங்குவார் என்று யாரும் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை.

வீட்டில் இருந்த முதல் வாரம் அப்பா ஒன்றும் செய்யவில்லை. அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்படி. அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து, கூடையை இறக்காமலே சொன்னாள்:

“பின்னாடி நெலம் சும்மாதானுங்க கெடக்குது. ரெண்டு முள்ளங்கியாச்சும் போடுங்க. நீங்க ஊட்டுக்குள்ள சுத்தற சுத்துல எனக்குத் தல கிறுகிறுங்குது.”

“அது மண்ணா? சட்டிதான் செய்யலாம்.”

“அப்பச் சட்டியாச்சும் செய்யுங்க.”

அப்பா சொன்னது தப்பில்லை. லைன் கட்டுவதற்குச் சரிவை வெட்டிச் சமன் செய்தபோது மேல்மண் எல்லாம் ஓடைக்குப் போயிருக்க வேண்டும். மிஞ்சியது செம்மண் களி. மழையில் செருப்பைப் பிடுங்கும், வெயிலில் செங்கல்லாகும். அதில் அம்மா போட்ட பீன்ஸ் ஒரு சாண் வளர்ந்து, மஞ்சளாகி, அப்படியே நிற்கும். இன்று அந்த மண் என் மேசைக்கு வந்தால் என்ன எழுதுவேன் என்று யோசித்திருக்கிறேன். புளிப்புத்தன்மை அதிகம், மக்கு கிட்டத்தட்ட இல்லை, காற்றோட்டம் இல்லை. உயிர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

இலை மக்கினால் மண்ணாகும் என்று எல்லோருக்கும் தெரிந்த அளவு அப்பாவுக்கும் தெரியும். ஆனால் இலையை என்ன செய்வது என்பதில் அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். இருபது வருடம் அதைத்தான் செய்திருந்தார்.

எனவே குப்பையை முதலில் வாட்டினார். காய்த்தோல், களை, சில்வர் ஓக் இலை, கடையில் எறிந்த முட்டைக்கோஸ் மேல்தோல் எல்லாவற்றையும் கோழிக்கூண்டு வலையில் பரப்பி ஒரு ராத்திரி காற்றில் விட்டார். மறுநாள் அரிவாளால் கொத்தி, சாக்கில் கட்டி, அதன் மேல் ஏறி மிதித்தார். நாம் பள்ளிக்குப் போகும் நேரத்தில் என் அப்பா சாக்கு மூட்டை மேல் நின்று மிதித்துக்கொண்டிருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு பக்கத்து வீட்டுச் சாணியைக் கலந்து குவித்து, ஈரச் சாக்கு போட்டு மூடினார். கூடலூர் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

ஏழாம் நம்பர் வீட்டு அத்தைதான் முதலில் ஆரம்பித்தது. “ஏனுங்கண்ணா, இது எப்ப ட்ரையருக்குப் போகுது?”

“வாசம் வரட்டும்மா.”

“வந்தா ஒரு காக்கிலோ எனக்கு எடுத்து வையுங்க. மாமியாகாரி வர்றா, டிகாஷன் போட்டுக் குடுக்கலாம்.”

தினமும் காலையில் அப்பா என்னைக் கூப்பிடுவார். சாக்கை நீக்கி, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து என் மூக்கருகே நீட்டுவார். “என்ன வருது புள்ள?”

நான் அதை விளையாட்டென்று நினைத்தேன். ஆனால் சரியாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு பிடிவாதம் இருந்தது. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன். அந்த நோட்டு இப்போது இல்லை. வீடு மாறியபோது போய்விட்டது. ஆனால் வரிசை நினைவிருக்கிறது. முதல் நாள் வெட்டின புல். மூன்றாம் நாள் ஏழாம் நம்பர் வீட்டு இட்லி மாவு. ஐந்தாம் நாள் ஸ்கூல் பாத்ரூம்.

“பாத்ரூம்னா எப்பிடி? கண்ணு எரியற மாதிரியா?”

“ஆமாப்பா. மூக்குக்கு உள்ள குத்துது.”

அப்பா யோசித்துவிட்டு இரண்டு கூடை சில்வர் ஓக் சருகைச் சேர்த்துப் புரட்டினார். மறுநாள் குத்தல் போயிருந்தது. எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. பச்சை மிகுந்தால் அம்மோனியா பறக்கும், சருகு அதைப் பிடித்துவைக்கும் என்பதைப் பத்து வருடம் கழித்து ஒரு வகுப்பில் கரும்பலகையில் பார்த்தேன். எனக்குச் சருகின் சரசரப்புத்தான் காதில் கேட்டது.

மூன்றாவது வாரம் ஒரு நாள், “நல்லாருக்குப்பா. வெல்லப்பாகு மாதிரி, கொஞ்சம் மழ பெஞ்ச மாதிரி” என்று சொன்னேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. “அவ்வளவுதான். இப்ப எடுத்துடணும்” என்றார்.

தப்பு நடந்தது அங்கேதான். தேயிலையில் அந்த வாசம் வந்ததும் சூடு காட்டி நிறுத்திவிட வேண்டும். அப்பா குப்பையையும் நிறுத்தினார். குவியல் முழுவதையும் தகரத்தின் மேல் பரப்பி, கீழே நெருப்புத் தணல் வைத்து, ஈரம் போக வறுத்தார். பிறகு அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்தார். மூன்று டின்னில் பிரித்தார். பெரிதாக இருந்தது ஒன்றில், தூள் ஒன்றில், நார் ஒன்றில். பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது. கறுப்பாக, பொலபொலவென்று, கடையில் வைத்தால் வாங்கிவிடுவார்கள்.

தூளைக் களிமண் மேல் தூவி முள்ளங்கி விதைத்தார். நான்காம் நாள் மழை வந்தது. தூள் முழுவதும் நீரில் மிதந்து, வரிசையாக, அமைதியாக, வேலிக்கு அடியில் நுழைந்து ஏழாம் நம்பர் வீட்டுப் பக்கம் போய்விட்டது. வறுத்த மக்கு நீரை ஏற்காது, தள்ளும். அதில் வேலை செய்துகொண்டிருந்த அத்தனை உயிரும் தகரத்தின் மேலேயே முடிந்துவிட்டன. ஏழாவது விதி அங்கிருந்து வந்தது.

அத்தை வேலியோரம் நின்று, “அண்ணா! உங்க டஸ்ட்டு எங்கூட்டுக்கே வந்துருச்சுங்க! பால் ஊத்தட்டுமா?” என்று கத்தியது. லைனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. காய்ச்சல் கண்டு எழுந்தவர், சாக்கு மேல் ஏறி மிதிக்கிறார், குப்பையை வறுக்கிறார், மாவுச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கிறார். இதை வைத்து அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த முடிவு தப்பு, ஆனால் அவள் கண்டதை வைத்துப் பார்த்தால் நியாயமானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மந்திரித்த கயிறு ஒன்று அப்பாவின் கையில் ஏறியது. அம்மா அதோடு நிற்கவில்லை. டீ மேக்கர் வீட்டம்மாவிடம் போய், “அவிகளுக்குக் காச்சலுக்கப்பறம் மனசு நெலையா இல்லீங்க, கொஞ்சம் பாத்து வேல குடுக்கச் சொல்லுங்க” என்று அழுதுவிட்டு வந்தாள். அது உதவி என்று நினைத்தாள். அப்பாவின் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கும் பேச்சு அதற்குப் பிறகுதான் ஃபேக்டரியில் தொடங்கியது.

இரண்டாவது குவியலை அப்பா மார்கழிப் பாதியில் போட்டார். இந்த முறை பெரிது, என் இடுப்பு உயரம். அந்த வாரமே பனி விழத் தொடங்கியது.

அந்தக் காலைகள் உங்களுக்கும் நினைவிருக்கும். புல் வெள்ளையாக, நடந்தால் நொறுங்கும். குழாயில் தண்ணீர் வராது. தேயிலைச் செடியின் மேல்பக்கம் கருகிப்போய், மலையே தீய்ந்த மாதிரி இருக்கும். அத்தனை வெண்மைக்கு நடுவில் எங்கள் குவியல் மட்டும் புகைவிட்டுக்கொண்டிருந்தது. அது புகையல்ல, ஆவி. நீங்கள் ஒன்பது பேரும் ஸ்கூல் பையோடு வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, சாக்குக்கு அடியில் கைவிட்டு நின்றீர்கள். “டேய், உள்ள அடுப்பு இருக்குதுடா!” என்று ஒருவன் கிளறப் பார்த்தான். அப்பா விரட்டவில்லை. “நடுவுல வை, அங்கதான் சூடு” என்றார். பெயர் வைத்தவர்கள் கை காய வந்ததை நான் மனதில் குறித்துக்கொண்டேன், நோட்டில் எழுதவில்லை.

அதற்கடுத்து ஏழாம் நம்பர் அத்தை ஒரு போசிப் பாலோடு வந்தது. முகத்தில் சிரிப்பில்லை.

“அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. மூணு நாளா தயிர் ஒறையவே மாட்டேங்குது. பாலு பாலாவே இருக்குது.”

“அதுக்கு?”

“உங்க குப்பைக்குள்ள ஒரு ராத்திரி வெச்சுக்கட்டுமா? மூடியிட்டுத் துணி கட்டியிருக்கேனுங்க.”

அப்பா போசியை வாங்கி, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இறக்கி, குவியலின் ஓரத்தில் புதைத்தார். நடுவில் வைத்தால் பால் கெட்டுவிடும், அவ்வளவு சூடு. காலையில் கத்தியால் வெட்டலாம் போலத் தயிர். பொங்கலுக்குள் எங்கள் குவியலின் ஓரத்தில் ஐந்து டின் இருந்தது. எது யாருடையது என்று சாக்பீஸால் எண் போடுவது என் வேலையாயிற்று. லைன் முழுக்க அந்த வருடம் எங்கள் குப்பையில் உறைந்த தயிரைத்தான் சாப்பிட்டது. கேலி மட்டும் குறையவில்லை. அது வேறு கணக்கு போல.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு மாலை நான் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தேன். படியிலேயே பால் தீய்ந்த வாடை. ஓடினேன். வீடு முழுக்க அந்த நாற்றம். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கருகி, பாத்திரமே சிவந்துகொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டடி தூரத்தில், அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்பா சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா என் பின்னாலேயே வந்துவிட்டாள். “பக்கத்துலயே உக்காந்துட்டு இருக்கறீங்களே! தெருவெல்லாம் தீஞ்ச வாட! ஊடு பத்தியெரிஞ்சாலும் தெரியாதாட்ட இருக்குது!”

“கவனிக்கல” என்றார் அப்பா.

நான் ரஃப் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு தடவைகூட அப்பா முதலில் சொன்னதில்லை. எல்லா வாடையும் நான் சொன்னது. எல்லா வார்த்தையும் என்னுடையது.

மறுநாள் குவியலடியில் கேட்டேன். “அப்பா, உங்களுக்கு என்ன வருது?”

அவர் கையிலிருந்த பிடியைக் குவியலிலேயே போட்டார். “ஒண்ணும் வரல புள்ள. காப்பி வரல, கருவாடு வரல. ஒங்கம்மா தலையில வைக்கிற பூவு வரல.”

“அப்பறம் ஏன் இதப் பண்றீங்க?”

“புளிக்கிற சாமான் ஏதாச்சும் ஒண்ணுக்குப் பக்கத்துலயே மூக்க வச்சுக்கிட்டு இருந்தா, ஒருநாளு வந்துரும்னு நெனச்சேன். ஃபேக்டரிக்குள்ள இப்ப விட மாட்டாங்க. இதுதான் கெடச்சுச்சு.” சாக்கை இழுத்து மூடிவிட்டு, “அம்மாகிட்ட சொல்லாத. பாய்லருன்னாலே பயந்துருவா” என்றார்.

தோட்டத்துக்காக அவர் அதைச் செய்யவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாக்கு மேல் மிதித்ததும், வறுத்ததும், சலித்ததும், ஃபேக்டரியின் ஒவ்வொரு படியையும் அப்படியே நடத்திப் பார்த்தால் மூக்கு பழைய வழியில் திரும்பி வந்துவிடும் என்ற எண்ணத்தில்தான். இன்றைக்கு மருத்துவர்கள் மூக்குக்கு அந்த மாதிரிப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

தை முடிய நான்கு வாரம்கூட இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஆவல்தான் வந்தது. சொன்னால் கல் நெஞ்சம் என்பீர்கள், ஆனால் அதுதான் உண்மை. மூக்கு இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? நோட்டில் கோடு போட்டு நான்கு கட்டம் பிரித்தேன். நிறம், கைச்சூடு, பிழிந்தால் என்ன, வாசம். முதல் மூன்றையும் அப்பா சொல்ல வேண்டும். அதை வைத்து இன்று என்ன வாசம் இருக்கும் என்று அவரே ஊகிக்க வேண்டும். பிறகுதான் நான் முகர்ந்து சொல்வேன்.

முதல் ஐந்து நாளும் அப்பா தோற்றார். ஆறாம் நாள் முழங்கைவரை கையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, “நேத்தைக்கு ஏறிக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு நின்னுருச்சு. நாளைக்கு எறங்கும்” என்றார். “புல்லு வாட போயிருக்கணும். மண்ணு வாட இன்னும் வந்திருக்காது.” நான் முகர்ந்தேன். அப்படியேதான் இருந்தது. குவியலைப் புரட்டி ஈரம் காட்டினால் மறுபடி சூடு ஏறும், நிற்கும், இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு பரீட்சை. சின்னதாகவும் செய்தோம். அம்மா பறித்துவந்து மடியில் மீந்த கொழுந்தை அம்மியில் அரைத்து, தட்டில் பரப்பி, ஒரு மணி நேரம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தட்டு இலையில் சூடு தெரிவது கஷ்டம். ஆனால் தெரிகிறது என்றார். தை நான்காம் வாரம் பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னார்.

இந்தப் பரீட்சைக்காகக் குவியல் எங்களுக்கு உயிரோடு வேண்டியிருந்தது. அதனால் யாரும் அதை வறுக்கவில்லை, சலிக்கவில்லை, நிறுத்தவில்லை. நிறுத்தாமல் விட்டதாலேயே அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் சாக்கை எடுத்தால் ஆவியில்லை. கைவிட்டால் வெறும் கை வெப்பம். கறுப்பாக, உதிரியாக, சர்க்கரைப் பொங்கல் பருக்கை போலப் பருக்கை பருக்கையாக இருந்தது. முட்டைக்கோஸ் எங்கே, சில்வர் ஓக் எங்கே என்று தேடினேன். மண்புழு மட்டும் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு வியப்பு. அந்தக் களியில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு அதில் அக்கறை இல்லை. “சூடு போச்சே” என்றார், பாடப்புத்தகம் தொலைந்த மாதிரி. அம்மாதான் அதை வாரி நிலத்தில் கொத்திவிட்டாள். அந்த வைகாசியில் எங்கள் பீன்ஸ் கூரைத் தகரத்தைத் தொட்டது. அது பின்னால்.

தையின் கடைசிச் சனிக்கிழமை அப்பாவை வரச் சொல்லி ஆள் வந்தது. செடி துளிர்த்து அன்றுதான் ஃபேக்டரி முழு நாள் ஓடியது. பள்ளி இல்லாததால் மதியச் சோற்றுத் தூக்குப்போசி என் கையில். ஃபெர்மென்டிங் ரூம் வாசலில், “செருப்போட உள்ள வராத புள்ள, அங்கியே நில்லு” என்றார் அப்பா. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளே அப்பாவும் டீ மேக்கரும் மட்டும். தரை முழுக்க அரைத்த இலை.

“ஏப்பா,” என்றார் டீ மேக்கர். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்ட கனத்த மனிதர். “உன்ற சம்சாரம் எங்கூட்ல வந்து அழுதுட்டுப் போச்சு. குப்பைய வறுத்துத் தரம் பிரிச்சயாமா. லைன்ல பசங்க என்னமோ பேரு வெச்சுருக்கறாங்களாமா. புத்தி நல்லாத்தான இருக்குது?”

“புத்தி நல்லாருக்குங்க ஐயா. மூக்குதான் போயிருச்சு.”

இதைச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. கைச்சூட்டை வைத்து யாருக்கும் தெரியாமல் சமாளிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குத்தானே அத்தனை பரீட்சையும்.

“எப்ப போச்சு?”

“கார்த்திகைக் காச்சல்ல. அந்த ரெண்டு நாளும் எனக்கு ஒண்ணும் தெரியலைங்க. தெரிஞ்ச மாதிரி ‘போடு’ன்னேன்.”

டீ மேக்கர் வாசலுக்கு வந்தார். என்னைத் தாண்டி நடையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். ஒரு பிள்ளையை யாரும் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. உள்ளே திரும்பிப் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எனக்குப் போயி ஆறு வருசமாச்சு.”

“ஐயாவுக்குமாங்க?” என்றார் அப்பா.

“மூக்குப்பொடி. டாக்டர் அப்பவே சொன்னான். உன்ற மூஞ்சியப் பாத்துத்தான்டா இத்தன நாளா தலையாட்டிட்டு நின்னுட்டிருக்கேன். நீ ‘போடு’ம்ப, நானும் ‘போடு’ம்பேன். அந்த ரெண்டு நாளும் அப்பிடித்தான்.” ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். “உன்னைய பாய்லருக்கு அனுப்பிட்டு நான் யார் மூஞ்சியப் பாக்கறதுன்னு மூணு மாசமாத் தூக்கமில்ல. இப்ப நீ வந்து இப்பிடிச் சொல்றே.”

“கையில தெரியுதுங்க ஐயா.”

“என்ன தெரியுது?”

“சூடு ஏறும், நிக்கும், எறங்கும். நிக்கறப்ப எடுத்துடணும். ரெண்டு மாசம் குப்பையில பழகியிருக்கேன்.”

“குப்பையும் என்ற டீயும் ஒண்ணாய்யா?”

“ரெண்டும் எலைதானுங்களே.”

டீ மேக்கர் இலைப் பரப்பின் ஓரத்தில் குந்தினார். அப்பா குனிந்து, அவருடைய ஸ்வெட்டர் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, அந்தக் கையைப் பிடித்து இலைக்குள் அமிழ்த்தினார். தன் கையையும் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேரும் அந்த ஈரத் தரையில் குந்தியிருந்தார்கள். சுவரில் கடிகாரம் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

நான் வாசலில் நின்றேன். புல் வாடை விலகத் தொடங்கியது. அந்த அறையில் மூக்கு வேலை செய்கிற ஆள் நான் ஒருத்திதான். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொன்னால் அப்பாவின் கை தோற்றுவிடும் என்பதும் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“இப்பவா?” என்றார் டீ மேக்கர்.

“இல்லீங்க. ஏறிக்கிட்டுதான் இருக்கு.”

வாசம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிறகு ஒரேயடியாக வந்தது, யாரோ பக்கத்தில் பழத்தைக் கடித்த மாதிரி. நான் மூச்சை இழுத்த சத்தம் எனக்கே கேட்டது. அப்பா திரும்பவில்லை. அவர் கண்கள் மூடியிருந்தன.

“இப்பங்க” என்றார்.

 டீ மேக்கர் கதவுப் பக்கம் தலையைத் திருப்பி ஆட்களைக் கூவினார். தள்ளுவண்டியும் மண்வாரியுமாக நான்கு பேர் ஓடிவந்து அள்ளத் தொடங்கினார்கள். அப்பா எழுந்து கையைத் துடைத்தார். டீ மேக்கர் மட்டும் எழவில்லை.

“திங்கக்கெழம ஆறு மணிக்கு வந்துரு” என்றார் அப்பாவிடம். கை இன்னும் இலைக்குள்ளேயே இருந்தது. பக்கத்தில் வந்த மண்வாரியை மற்றக் கையால் தள்ளினார். “இந்த மூலைய மட்டும் உட்டுட்டு அள்ளுங்கப்பா. எறங்கறது எப்பிடி இருக்குதுன்னு நான் பாக்கோணும்.”